வெனீர் போடப்போறீங்களா... நிறத்தை அப்புறம் பார்க்கலாம், முதல்ல ஓரத்தைப் பாருங்க!

'மூணே நாள்ல ஹாலிவுட் ஸ்மைல்', 'கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்மைல் மேக்ஓவர்'... போனைத் திறந்தால் இப்படி ஒரு ரீலாவது கண்ணில் படாமல் போகாது. முதல் ஐந்து விநாடிகளில் மஞ்சளும் இடைவெளியுமாகப் பற்கள். அடுத்த ஐந்து விநாடிகளில் பளிச்சென்று ஒரு வரிசை. நடுவில் என்ன நடந்தது என்பது மட்டும் கட் ஆகியிருக்கும்.

அந்தக் கட் ஆன பகுதியில்தான் வெனீரின் ஆயுளே இருக்கிறது. வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டப்படும் மெல்லிய தகடு. பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரைதான் தடிமன் இருக்கும். அதை ஒட்டுவதற்காகப் பல்லின் மேற்பரப்பைக் கொஞ்சம் செதுக்கி எடுப்பது வழக்கம். செதுக்கிய எனாமல் திரும்ப வளராது. அதாவது, ஒருமுறை செதுக்கிவிட்டால் அந்தப் பல்லுக்கு வாழ்நாள் முழுக்க ஏதோ ஒரு மூடி தேவைப்படும். அதனால் 'எந்த ஷேடு வெள்ளை வேணும்?' என்று யோசிப்பதற்கு முன்பு, 'எந்தப் பொருள், அது என் பல்லில் எப்படிப் பொருந்தும், எப்படி ஒட்டும்?' என்று யோசிப்பது நல்லது. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஃபிட் வேற... சீல் வேற!

உங்கள் போனில் ஒட்டியிருக்கும் டெம்பர்ட் கிளாஸை நினைத்துப் பாருங்கள். நடுவில் எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும், ஓரத்தில் ஒரு மூலை தூக்கிக்கொண்டால் போதும். தூசி அதற்குள் போகும், கறுப்புக் கோடு தெரியும், பிறகு மொத்தமாகக் கழன்று வரும். வெனீரும் கிட்டத்தட்ட அப்படித்தான். பிரச்னை பெரும்பாலும் ஓரத்தில் இருந்துதான் ஆரம்பிக்கும்.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'ஃபிட்' என்பது தகடு பல்லின் மேல் எவ்வளவு நெருக்கமாக உட்கார்கிறது என்பது. 'சீல்' என்பது பல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த நூலிழை இடைவெளியை ஒட்டும் பசை எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறது, எத்தனை வருடம் அடைத்து வைத்திருக்கிறது என்பது.

இடைவெளியே இல்லாத வெனீர் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. பல் மருத்துவ உலகில் அடிக்கடி சொல்லப்படும் அளவு 120 மைக்ரான். 1971-ல் மெக்லீன், வான் ஃப்ரான்ஹோஃபர் என்ற இரு ஆய்வாளர்கள், வாயில் பொருத்தப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேப் போன்றவற்றைக் கவனித்து, ஓர இடைவெளி இந்த அளவைத் தாண்டக் கூடாது என்றார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமாராக 50 முதல் 100 மைக்ரான். ஆக, ஒரு முடி அளவு இடைவெளியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு முடிதானே என்று விட்டுவிட முடியாது. சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியா ஒன்றின் அளவு ஏறக்குறைய ஒரு மைக்ரான்தான். அதற்கு அந்த இடைவெளி நாலு வழிச் சாலை மாதிரி. அந்தச் சாலையை அடைத்து நிற்பது ரெசின் சிமென்ட் எனப்படும் பசை. வெனீர், பல், பசை மூன்றில் சீக்கிரம் தேய்வதும், கறை பிடிப்பதும், சுருங்குவதும் இந்தப் பசைதான். எனவே ஃபிட் மோசமாக இருந்தால், ஓரத்தில் பசை அதிகமாக வெளியே தெரியும். பசை அதிகமானால் சீல் சீக்கிரம் கெடும். 'லேசா கேப் இருக்கு, சிமென்ட் வச்சு அடைச்சிடலாம்' என்பது அதனால்தான் நல்ல பதில் இல்லை.

ஹாலிவுட்டில் ஆரம்பித்த கதை

வெனீருக்கு ஹாலிவுட் பெயர் சும்மா வரவில்லை. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பல் மருத்துவர் சார்லஸ் பின்கஸ், 1930-களில் சினிமா நடிகர்களுக்காக மெல்லிய முகப்புத் தகடுகளைச் செய்துகொடுத்தார். பல் செட் ஒட்டும் பொடியை வைத்துத் தற்காலிகமாக ஒட்டிக்கொள்வார்கள். ஷாட் முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். அதோடு சாப்பிட முடியாது. பார்க்க அழகாக இருந்தது; ஆனால் சீல் என்று ஒன்று இல்லவே இல்லை.

அந்தச் சிக்கலை அவிழ்த்தது அழகுக்கலை இல்லை, வேதியியல். 1955-ல் அமெரிக்காவின் மைக்கேல் புவோனோகோர், எனாமலை பாஸ்பாரிக் ஆசிடால் சில விநாடிகள் அரித்தால் ரெசின் அதில் உறுதியாகப் பிடிக்கிறது என்று காட்டினார். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க ஆசிட் போட்டுத் தயார்செய்யும் தொழிற்சாலை வழக்கம்தான் அவருக்கு யோசனை கொடுத்தது. பிறகு 1960-களில் ரஃபேல் போவன் உருவாக்கிய ரெசின், இன்றைய கம்போசிட்டுகளுக்கு அடிப்படையானது. 1983-ல் ரிச்சர்ட் சைமன்சன், ஜான் கலாமியா இருவரும், போர்சலினின் உட்பக்கத்தை ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிடால் அரித்தால் அதுவும் ரெசினோடு பிணையும் என்று காட்டினார்கள். ஒரு பக்கம் பல், மறுபக்கம் போர்சலின், நடுவில் ரெசின். இரண்டு பக்கமும் பிடி கிடைத்த பிறகுதான், கழற்றி வைக்கத் தேவையில்லாத வெனீர் சாத்தியமானது.

இதை நம்ம ஊர் பஞ்சர் கடையிலேயே பார்த்திருப்பீர்கள். டியூபை உரசாமல், சொல்யூஷனைக் காயவிடாமல் பேட்ச் ஒட்டினால் நிற்குமா? நிற்காது. உரசுவது, சொல்யூஷன், காய்வது, அழுத்துவது என்று வரிசை தவறக் கூடாது. வெனீரிலும் அதே கதைதான். ஒரே வித்தியாசம், பொருளுக்குப் பொருள் 'உரசும்' முறை மாறும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கம்போசிட்: நாற்காலியிலேயே முடியும் வேலை

பல் நிறத்தில் இருக்கும் ரெசின் பேஸ்ட்டை மருத்துவரே நேரடியாக உங்கள் பல்லில் அடுக்கி, நீல ஒளி காட்டி இறுக வைத்து, பாலிஷ் செய்வது கம்போசிட் வெனீர். லேப் தேவையில்லை. பெரும்பாலும் ஒரே நாளில் முடியும். செலவும் செராமிக்கைவிட நன்றாகவே குறைவு. பல சமயம் பல்லைச் செதுக்காமலேகூடச் செய்யலாம்.

இதில் 'ஃபிட்' என்ற பேச்சே கிட்டத்தட்ட இல்லை. பேஸ்ட் பல்லின் மேல் நேரடியாகப் படிவதால், ஆரம்பத்தில் இடைவெளி இருக்காது. சிக்கல் இறுகும்போதுதான் வரும். கம்போசிட் இறுகும்போது கன அளவில் ஏறக்குறைய 2 முதல் 3 சதவிகிதம் சுருங்கும். சுருங்கும்போது பல்லில் இருந்து தன்னைப் பிரித்து இழுக்கப் பார்க்கும். மொத்தமாக ஒரே கட்டியாக வைத்து ஒளி காட்டினால் இந்த இழுவை அதிகம். அதனால்தான் கவனமான மருத்துவர்கள் மெல்லிய அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறுக்குவார்கள். 'ஏன் இவ்ளோ நேரம் எடுக்குறாங்க?' என்று நினைக்காதீர்கள். அந்த நேரம்தான் சீல்.

இன்னொரு விஷயம், சூடும் குளிரும். ஆவி பறக்கும் ஃபில்டர் காபி, அடுத்து ஐஸ் வாட்டர் என்று நாம் குடிக்கும்போது வாயில் இருக்கும் எல்லாமே விரிந்து சுருங்கும். பல்லைவிட கம்போசிட் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை அதிகமாக விரியும். வருடக்கணக்கில் இப்படி நடக்கும்போது ஓரத்தில் களைப்பு ஏற்பட்டு, பழுப்புக் கோடு தெரிய ஆரம்பிக்கும். கம்போசிட் நீரையும் கொஞ்சம் உறிஞ்சும், கறையும் பிடிக்கும். நல்ல பக்கம் என்னவென்றால், ஓரம் உடைந்தாலோ கறை பிடித்தாலோ அந்த இடத்தை மட்டும் சரிசெய்துவிடலாம். முழுசாக எடுத்துப்போட வேண்டியதில்லை. ஐந்து, ஏழு வருடத்தில் மறுவேலை வரும் என்று மனதில் வைத்துக்கொண்டு இதைத் தேர்ந்தெடுப்பது நியாயமானது.

ஃபெல்ட்ஸ்பாத்திக் போர்சலின்: கைவேலையின் உச்சம்

போர்சலின் பொடியைத் தண்ணீரில் குழைத்து, பல்லின் அச்சின் மேல் தூரிகையால் அடுக்கடுக்காகத் தீட்டி, சூளையில் சுட்டு எடுப்பது இது. மிக மெல்லியதாக, 0.3 மில்லிமீட்டர் அளவுக்கே செய்ய முடியும். ஒளி ஊடுருவுவது நிஜப் பல் போலவே இருக்கும்.

ஆனால், களிமண் பானை சூளையில் சுருங்குவது மாதிரி இந்தப் பொடியும் சுடும்போது கணிசமாகச் சுருங்கும். லேப் டெக்னீஷியன் அதைக் கணக்கில் வைத்துப் பெரிதாக அடுக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சேர்த்துச் சுட வேண்டும். ஓரம் எவ்வளவு கச்சிதமாக வருகிறது என்பது முழுக்க முழுக்க அந்தக் கையைப் பொறுத்தது. ஒரே பொருள், ஒரே கிளினிக், இரண்டு லேப் என்றால் இரண்டு விதமான ஃபிட் கிடைக்கலாம்.

சீல் விஷயத்தில் இதற்குப் பெரிய பலம் உண்டு. இதில் கண்ணாடித்தன்மை அதிகம். ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் அந்தக் கண்ணாடியை அரித்து, உட்பக்கத்தில் தேன்கூடு மாதிரி நுண்குழிகளை உண்டாக்கும். அதன் மேல் சிலேன் என்ற திரவத்தைப் பூசுவார்கள். சிலேன் ஒரு கையால் கண்ணாடியையும் மறு கையால் ரெசினையும் பிடித்துக்கொள்ளும். சூட்டில் விரிவதும் பல்லின் அளவுக்கு ஓரளவு நெருக்கமாகவே இருக்கும். பலவீனம், தனியாக இருக்கும்போது அப்பளம் மாதிரி உடையும். பல்லோடு ஒட்டிய பிறகுதான் அதற்கு வலு. அதாவது இங்கே சீல்தான் வலுவும்கூட.

லித்தியம் டைசிலிகேட்: இன்றைய நடுநாயகம்

'இ-மேக்ஸ்' என்ற பிராண்டு பெயரில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்ணாடிக்குள் ஊசி ஊசியான படிகங்கள் பின்னிக் கிடக்கும் செராமிக் இது. ஃபெல்ட்ஸ்பாத்திக் போர்சலினைவிடப் பல மடங்கு வலுவானது. ஆனாலும் கண்ணாடி இருப்பதால் ஆசிட், சிலேன் இரண்டும் இதிலும் வேலை செய்யும். வலுவும் ஒட்டும் திறனும் சேர்ந்து கிடைப்பதால்தான் இதற்கு இத்தனை வரவேற்பு.

இதை இரண்டு வழிகளில் செய்கிறார்கள். ஃபிட் எப்படி வரும் என்பதை வழியும் தீர்மானிக்கிறது. முதல் வழி, பிரஸ் செய்வது. வெனீரை முதலில் மெழுகில் செதுக்கி, அதைச் சுற்றி அச்சு எடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, 900 டிகிரிக்கும் மேல் இளக வைத்த செராமிக்கை அந்த வெற்றிடத்தில் அழுத்தி நிரப்புவார்கள். சுவாமிமலை ஐம்பொன் சிலைகள் மெழுகில் இருந்து பிறக்கும் அதே தத்துவம்தான். மெழுகில் ஓரம் கச்சிதமாக இருந்தால் செராமிக்கிலும் கச்சிதமாக வரும்.

இரண்டாவது வழி, கேட்-கேம். வாயை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் வரைந்து, மெஷின் ஒரு கட்டியில் இருந்து கடைந்து எடுக்கும். கடையும்போது கட்டி நீலமாகவோ ஊதாவாகவோ இருக்கும். பிறகு 850 டிகிரிக்குச் சற்று முன்பின்னாகச் சூடாக்கியதும் பல் நிறத்துக்கு மாறி வலுவடையும். அந்தச் சூட்டில் சுருங்குவது மிகமிகக் குறைவு. இங்கே வரம்பு, கடையும் ஊசியின் முனை. அந்த முனையைவிடக் கூர்மையான மூலை பல்லில் இருந்தால் மெஷினால் அதை அப்படியே கடைய முடியாது. உள்ளே கொஞ்சம் அதிகமாகக் குடைந்துவிடும். மிக மெல்லிய ஓரம் கடையும்போதே பொரிந்துபோகவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் மருத்துவர் பல்லைச் செதுக்கும்போதே மூலைகளை உருட்டி, வழவழப்பாக விட வேண்டும். 'டிஜிட்டல்' என்றாலே ஃபிட் நூறு சதவிகிதம் என்று அர்த்தமில்லை. ஸ்கேன் எடுக்கும்போது ஈறில் ரத்தமோ எச்சிலோ ஓரத்தை மறைத்திருந்தால், கம்ப்யூட்டருக்கும் அந்த ஓரம் தெரியாது.

ஜிர்கோனியா: வலு இருக்கு... பிடி எங்கே?

வலுவில் எல்லாரையும் தோற்கடிப்பது ஜிர்கோனியா. பின்பற்களுக்குக் கேப் போட இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். 'உடையவே உடையாது' என்று விளம்பரங்களில் வருவதால், வெனீருக்கும் இதையே கேட்பவர்கள் உண்டு.

ஃபிட்டைப் பொறுத்தவரை, ஜிர்கோனியாவைச் சுண்ணாம்புக்கட்டி மாதிரி மென்மையாக இருக்கும்போதே கடைந்து, பிறகு 1,500 டிகிரி அளவுக்குச் சூடாக்குவார்கள். அப்போது நீள அளவில் 20 முதல் 25 சதவிகிதம் சுருங்கும். சாஃப்ட்வேர் அதைக் கணக்கிட்டு, முதலிலேயே பெரிதாகக் கடையும். கணக்கும் உலையும் சரியாக இருந்தால் ஃபிட் நன்றாகவே வரும்.

பிரச்னை சீலில். ஜிர்கோனியாவில் கண்ணாடி இல்லை. போர்சலினுக்குப் போடும் ஆசிட்டை இதில் வழக்கம்போலப் போட்டால் பிடி கிடைக்காது. நுண்ணிய அலுமினா துகள்களை வேகமாகத் தெளித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, எம்.டி.பி என்ற மூலக்கூறு உள்ள பிரைமரைப் பூச வேண்டும். ஜப்பானின் குராரே நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கியது இது. இன்னொரு நுணுக்கம், வாயில் வைத்துப் பார்க்கும்போது எச்சிலில் உள்ள பாஸ்பேட் ஜிர்கோனியாவில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தனியாகச் சுத்தம் செய்யாமல் விட்டால் பிரைமருக்கு உட்கார இடமே இருக்காது. இத்தனையையும் சரியாகச் செய்தால் ஒட்டும். ஒரு படி தவறினால் முழுசாக அப்படியே கழன்று கையில் வரும். கேப் என்றால் பல்லைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். வெனீர் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டியிருப்பதால், பசையை நம்பித்தான் இருக்கிறது. முன்பல் வெனீருக்குக் கண்ணாடித்தன்மை உள்ள செராமிக்கைப் பலர் விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

ஆன்லைனில் கிடைக்கும் 'ஸ்னாப்-ஆன்' செட்?

வீட்டிலேயே அச்சு எடுத்து அனுப்பினால் வரும் பிளாஸ்டிக் முகப்புகள் இவை. பின்கஸின் சினிமாத் தகடு மாதிரி, ஒரு போட்டோவுக்கு, ஒரு விழாவுக்கு ஓகே. சீல் கிடையாது. உள்ளே உணவும் கிருமியும் தங்கும். அதைப் போட்டுக்கொண்டே சாப்பிடுவதும் தூங்குவதும் சொத்தைக்கு நாமே பத்திரிகை வைத்து அழைப்பது மாதிரி.

பல்லும் ஒரு பொருள்தான்!

வெனீர் எதில் செய்தது என்று கேட்கிறோம். எதன் மேல் ஒட்டுகிறார்கள் என்று கேட்பதில்லை. எனாமலில் எடை அளவில் 96 சதவிகிதம் கனிமம். ஆசிட்டில் அழகாக அரிபட்டு, ரெசினை இறுகப் பிடிக்கும். அதற்குக் கீழே இருக்கும் டென்ட்டினில் கனிமம் சுமார் 70 சதவிகிதம்தான். மீதி புரதமும் நீரும். ஈரமான சுவரில் டேப் ஒட்டுவது போல, அங்கே ஒட்டுவது கஷ்டம். ஒட்டினாலும் காலப்போக்கில் பிடி தளரும்.

மேல் முன்பல்லில் ஈறு ஓரமாக எனாமல் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்த இடத்தில் அரை மில்லிமீட்டர் செதுக்கினாலே டென்ட்டின் வெளியே வந்துவிடலாம். கவனியுங்கள், கசிவு தொடங்குவதற்கு அதிக வாய்ப்புள்ள இடமும் அதே ஈறு ஓரம்தான். பெரும்பகுதி எனாமலில் ஒட்டிய போர்சலின் வெனீர்கள், 10 வருடங்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் நிலைத்திருப்பதை நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டென்ட்டினில் அதிகமாக ஒட்டியவை அந்த அளவுக்கு நிற்பதில்லை. டென்ட்டின் தெரிந்துவிட்டால், செதுக்கிய அன்றே அதை ரெசின் பூசி மூடிவிடும் முறை உண்டு. தேவைப்பட்டால் அதைச் செய்வார்களா என்று கேளுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃப்ளோரோசிஸைக் குறைக்கத்தான் வந்தது. குழந்தையாக இருந்தபோது அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பலருக்குப் பல்லில் வெள்ளைத் திட்டு, பழுப்புக் கறை. வேலைக்கான இன்டர்வியூ, பெண் பார்க்கும் படலம் என்று வரும்போது வெனீரைத் தேடி வருபவர்களில் இவர்களும் உண்டு. ஃப்ளோரோசிஸ் பாதித்த எனாமலின் மேல்தோல் ஆசிட்டுக்கு எளிதில் அசையாது. அதற்குக் கீழே நுண்துளைகளோடு பலவீனமாக இருக்கும். வழக்கமான விநாடிக் கணக்கில் ஆசிட் வைத்தால் பிடி போதாமல் போகலாம். மேற்பரப்பை லேசாகத் தேய்த்துவிட்டு, ஆசிட்டைக் கூடுதல் நேரம் வைக்க வேண்டியிருக்கும். அதனால் 'நான் சின்ன வயசுல எந்த ஊர்த் தண்ணி குடிச்சேன்' என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கறை லேசாக இருந்தால் மைக்ரோஅப்ரேஷன், பிளீச்சிங், ரெசின் இன்ஃபில்ட்ரேஷன் போன்றவற்றிலேயே சரியாகிவிடலாம். அப்படியென்றால் வெனீரே தேவையில்லை.

ஒட்டுற நாள்ல என்ன நடக்கணும்?

எவ்வளவு நல்ல தகடாக இருந்தாலும், ஒட்டும் அரை மணி நேரம் சொதப்பினால் எல்லாம் வீண். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நீங்களே கவனிக்கக்கூடிய சில விஷயங்கள் இவை.

முதலில், பசை இல்லாமல் வைத்துப் பார்க்க வேண்டும். ஓரம் சரியாக உட்கார்கிறதா, நிறம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, கழுவினால் போய்விடும் ட்ரை-இன் பேஸ்ட் உண்டு. இந்தக் கட்டத்தில் 'வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒட்டிய பிறகு மாற்ற வேண்டுமென்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து, ஈரம். எச்சிலோ ஈறு ரத்தமோ ஆசிட் வைத்த பல்லில் பட்டால் பிடி போய்விடும். ரப்பர் டேம் என்ற விரிப்பை மாட்டுவதோ, பஞ்சும் உறிஞ்சு குழாயும் வைத்துக் காயவைப்பதோ இதற்காகத்தான். ஈறு வீங்கி ரத்தம் வரும் நிலையில் இருந்தால், முதலில் அதைக் குணப்படுத்திவிட்டுத்தான் வெனீர்.

மூன்றாவது, பிளீச்சிங். பற்களை வெளுப்பாக்கிய உடனே ஒட்டக் கூடாது. பல்லில் தங்கியிருக்கும் பெராக்சைடு ரெசினைச் சரியாக இறுக விடாது. சுமார் இரண்டு வாரம் இடைவெளி விடுவது வழக்கம். 'மூணு நாள்ல எல்லாம் முடிச்சுத் தர்றோம், பிளீச்சிங் ஃப்ரீ' என்ற பேக்கேஜைப் பார்க்கும்போது இது ஞாபகத்துக்கு வரட்டும்.

நான்காவது, கிராம்பு. பல் வலித்தால் பாட்டி வைக்கச் சொல்லும் கிராம்பு எண்ணெயின் முக்கியச் சரக்கு யூஜெனால். சில தற்காலிக சிமென்ட்டுகளிலும் இது உண்டு. ரெசின் இறுகுவதை இது கெடுக்கக்கூடும். தற்காலிக வெனீரோடு காத்திருக்கும் நாள்களில் பல் கூசினால், கிராம்பு எண்ணெயைத் தடவாமல் மருத்துவருக்கு போன் போடுங்கள்.

ஐந்தாவது, பசையின் வகை. மெல்லிய, ஒளி ஊடுருவும் வெனீர்களுக்கு ஒளியில் மட்டும் இறுகும் சிமென்ட் வசதி. நிறம் மாறுவது குறைவு. அவசரம் இல்லாமல் ஓரத்தைச் சுத்தம் செய்யவும் நேரம் கிடைக்கும். தகடு தடிமனாகவோ ஒளி ஊடுருவாமலோ இருந்தால் ஒளி அடிவரை போகாது. பசை உள்ளே அரைவேக்காடாக நின்றுவிடும். அப்போது தானாகவும் இறுகும் டூயல்-க்யூர் வகை வேண்டும். அதில் சில வகைகள் வருடங்கள் போகப்போக லேசாக மஞ்சளாகலாம். பொருளின் தேர்வு பசையின் தேர்வையும் மாற்றிவிடுகிறது, பாருங்கள்.

கடைசியாக, சுத்தம். வழிந்த பசை ஈறு ஓரத்தில் மேடாக நின்றுவிட்டால், அங்கே அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கும். வேலை முடிந்ததும் பல் இடுக்கில் ஃப்ளாஸ் நூலை விட்டுப் பாருங்கள். எங்கும் சிக்காமல், பிரியாமல் போய்வர வேண்டும்.

கசிவு ஆரம்பிச்சிருச்சா?

இவற்றில் எது தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்:

* வெனீரின் ஓரத்தில் மெல்லிய பழுப்பு அல்லது கறுப்புக் கோடு. வெறும் கறையாகவும் இருக்கலாம், அடியில் சொத்தையாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல வேண்டியது மருத்துவர்.
* இனிப்புக்கும் ஐஸுக்கும் ஒரே ஒரு பல் மட்டும் கூசுவது.
* நாக்கை வைத்தால் ஓரம் தட்டுப்படுவது, ஃப்ளாஸ் ஒரே இடத்தில் நார் நாராகக் கிழிவது.
* அந்தப் பல்லைச் சுற்றி மட்டும் ஈறு சிவந்து ரத்தம் வருவது.
* ஒரு பல்லில் மட்டும் தொடர்ந்து கெட்ட வாடை அல்லது சுவை.

வெனீர் கழன்று விழுந்துவிட்டால் பசை டப்பாவைத் தேடாதீர்கள். வீட்டில் இருக்கும் சூப்பர் க்ளூ அந்த உட்பக்கத்தைப் பாழாக்கிவிடும். ஒரு டப்பாவில் பத்திரமாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனால், சில சமயம் அதையே மறுபடி ஒட்ட முடியும்.

கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. எனக்கு வெனீர் தேவையா, பிளீச்சிங்கிலோ க்ளிப்பிலோ சரியாகாதா?
2. எந்தப் பொருள், என் பல்லுக்கு ஏன் அது?
3. எவ்வளவு செதுக்குவீர்கள்? ஓரம் எனாமலிலேயே நிற்குமா? (சில இடங்களில் வெனீர் என்று சொல்லிவிட்டுப் பல்லைச் சுற்றிலும் செதுக்கிக் கேப் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.)
4. எந்த லேப்? பிரஸ்ஸா, மில்லிங்கா, கையால் அடுக்குவதா?
5. ஒட்டுவதற்கு முன் வைத்துக் காட்டுவீர்களா? ஃபிட் சரியில்லை என்றால் மறுபடி செய்து தருவீர்களா?
6. எச்சில் படாமல் இருக்க என்ன செய்வீர்கள்?
7. பத்து வருடம் கழித்து மாற்ற வேண்டி வந்தால் என்ன செலவு, பல்லில் என்ன மிச்சம் இருக்கும்?

இதில் எதையும் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. நல்ல மருத்துவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். அவர் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பார்லரிலும் சலூனிலும் செய்கிற வேலை இல்லை இது. பட்ஜெட் இடிக்கிறது என்றால், சென்னையில் இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் ஒருமுறை கருத்துக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

போட்டாச்சு... இனி?

தினமும் இரண்டு முறை மென்மையான பிரஷ், ஒருமுறை ஃப்ளாஸ். கரி, உப்பு, சொரசொரப்பான பல்பொடி வேண்டாம்; பசையையும் கம்போசிட்டையும் தேய்த்துவிடும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் நாளடைவில் ரெசினை மென்மையாக்கக்கூடும்; ஆல்கஹால் இல்லாததை வாங்குங்கள். ஃப்ளோரைடு ஜெல் வைக்கும்போதும், பல் க்ளீனிங் செய்யும்போதும் 'எனக்கு வெனீர் இருக்கு' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அமிலத்தன்மை உள்ள ஒருவகை ஃப்ளோரைடு ஜெல் போர்சலினின் பளபளப்பை அரிக்கும். க்ளீனிங் மெஷினின் முனை ஓரத்தில் பட்டால் பொரியலாம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் நைட் கார்டு கட்டாயம். சோடா மூடியைத் திறப்பது, எலும்பை முன்பல்லால் உடைப்பது, நகம் கடிப்பது எல்லாவற்றுக்கும் இனி டாட்டா.

வெற்றிலை, பான் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. செராமிக் தகட்டில் கறை எளிதில் பிடிக்காது. ஆனால் ஓரத்துப் பசையில் பிடிக்கும். அப்புறம் ஒவ்வொரு பல்லும் சிவப்பு ஃப்ரேம் போட்ட மாதிரி தெரியும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓரங்களை மட்டுமாவது பரிசோதித்துக்கொள்ளுங்கள். கசிவைச் சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் ஒரு பாலிஷிலோ சின்ன ஒட்டிலோ முடிந்துவிடும். விட்டுவிட்டால் வேர் சிகிச்சை வரை போகும். கண்ணாடியில் உங்கள் சிரிப்பைப் பார்க்கும்போது, இனி நிறத்தோடு சேர்த்து ஈறு ஓரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.